டொலறஸ் அம்மாவுக்குப் போன படங்கள்

படம் கிடைத்ததாக டொலறஸ் அம்மா எழுதியிருந்தார். யோகலிங்கம் அவருக்கு எந்தப் படமும் அனுப்பியதில்லை.

அவன் கடிதத்தை இரண்டாம் முறை வாசித்தான். லண்டன் ரெய்னர்ஸ் லேனில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றின் சமையலறை. 1994 அக்டோபர் மாதக் கடைசி. காலை பத்தரை மணி. வீட்டுக்காரர் சபாரத்தினம் தன் வான் வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி வசந்தமலர் ஏழு மணிக்கே புறப்பட்டுவிட்டார். பின்னறையில் வாடகைக்கு இருக்கும் யோகலிங்கத்துக்கு வெம்பிளியில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை, மதியம் இரண்டு மணிக்குத்தான் ஷிப்ட். காலை வேளைகளில் வீடு அவனுடையது. கொதித்து அடங்கும் கேத்தலின் முனகலும், சுவருக்குள் சுடுநீர்க் குழாய்கள் தட்டிக்கொள்ளும் சத்தமும், இரண்டு தெரு தள்ளிப் போகும் ரயிலின் அதிர்வும் அவனுக்குப் பழகியவை. அன்று அவை எதுவும் அவன் காதில் விழவில்லை.

“அன்புள்ள மகன் பெனடிக்ற், நீ அனுப்பின படம் கிடைச்சுது. இரண்டு வருசமாய்ப் படம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனன். இப்பதான் உனக்கு மனம் வந்தது. என்ன வடிவான இடம் மகன். சுத்திவர மலை. மரத்தாலை கட்டின பழைய கோயில், கோபுரம் ஊசி மாதிரி வானத்துக்கை ஏறி நிக்குது. விடுமுறைக்குப் போனனீங்களோ? நீ வாசற்படியிலை நிக்கிறாய். நல்லா மெலிஞ்சுபோனாய். பனிக்கை ஏன் வெறுங்காலோடை நிக்கிறாய்? உன்ரை சப்பாத்து எங்கை? படம் எடுத்தது யோகன் தம்பியோ? அவனுக்கும் என்ரை அன்பைச் சொல்லு.”

யாழ்ப்பாணத்தில் பாசையூரிலிருந்து ஆகஸ்ட் இருபதாம் திகதி எழுதிய கடிதம். போர்க்காலத் தபால், வந்து சேர இரண்டு மாதம் ஆகியிருந்தது. உறைக்குள் படம் எதுவும் இல்லை. உதறிப் பார்த்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

பெனடிக்ற் வெறுங்காலோடு இருந்தது உலகத்தில் ஒருவனுக்குத்தான் தெரியும். அந்தச் சப்பாத்துகளைக் கழற்றியவன் அவன்தான்.

பெனடிக்ற் லண்டனுக்கு வரவேயில்லை.

1992 பெப்ரவரியில் பெனடிக்றும் யோகலிங்கமும் உட்படப் பதினொரு பேர் ஒரு ஏஜென்ஸிக்காரனின் சொல்லை நம்பி, உக்ரேன் எல்லையைத் தாண்டி ருமேனியாவின் மலைகளுக்குள் நடந்தார்கள். இரவில் நடை. பகலில் வைக்கோல் கொட்டில்களுக்குள் படுக்கை. பலகை இடுக்குகளால் பார்த்தால் அந்த நாடு அழகாகவே இருந்தது. கறுத்த ஊசியிலைக் காடுகள், நடுவழியில் உறைந்து நின்ற அருவிகள், புகை போகும் தூரத்துக் கூரைகள். எந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்தாலும் அதன் நடுவே ஒரு பழைய மரக்கோயில். கோபுரம் தெரியும்போதெல்லாம் பெனடிக்ற் நெற்றியில் சிலுவை போடுவான்.

“பள்ளத்துக்குப் பள்ளம் கோயில் கட்டி வைச்சிருக்கிறாங்கள். எதுக்கோ நல்லாப் பயந்த சனம்” என்றான் ஒருநாள்.

“ஊரிலை கடற்கரை முழுக்க நீங்கள் கட்டி வைச்சிருக்கிறது என்ன துணிவிலையோ?” என்று யோகலிங்கம் கேட்டான்.

“நாங்கள் கடலுக்குப் பயம். இவங்களுக்கு என்ன பயமெண்டு தெரியேல்லை, அதுதான் யோசிக்கிறன்.”

நாலாம் இரவு ஒரு சரிவில் பெனடிக்ற் வழுக்கி விழுந்தான். கணுக்கால் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. வழிகாட்டி தலையை ஆட்டிவிட்டு முன்னால் நடக்கத் தொடங்கினான். யோகலிங்கமும் இன்னொருவரும் காயக்காரனைத் தூக்கிப்போய், மேட்டில் இருந்த ஒரு மரக்கோயிலுக்குள் கிடத்தினார்கள். உள்ளே மெழுகும் ஈரக் கம்பளியும் பழைய மரமும் கலந்த மணம். சுவர்ப் பலகைகளில் படமாகக் கீறியிருந்த புனிதர்கள் எல்லோருக்கும் கண்களைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். “விடிய ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன்” என்று யோகலிங்கம் சொன்னான். யோகலிங்கத்தின் சப்பாத்து கிழிந்து விரல்கள் வெளியே தெரிந்தன. பெனடிக்ற் இனி நடக்கப் போவதில்லை. அவ்வளவுதான் அவன் யோசித்தது.

விடிய அவன் ஹங்கேரி எல்லைக்குப் போகும் லொறியில் இருந்தான்.

ஜூன் மாதம் லண்டன் வந்து, இருவரும் கையில் வைத்திருந்த ஒரே விலாசமான சபாரத்தினத்தின் வீட்டுக் கதவைத் தட்டியபோது, பெனடிக்றுக்கு ஒரு கடிதம் அங்கே முன்பே வந்து கிடந்தது. “செவ்வாய்க்கிழமை தோறும் அந்தோனியாருக்குத் திரி கொளுத்துறன் மகன், நீ வழியிலை தடுமாறாமல் போய்ச் சேர. உன்ரை குரலை என்ரை காதாலை கேக்கிற அண்டுதான் இந்த நேர்த்தி முடியும்.”

வெளிநாட்டுக்குப் புறப்பட்ட பிள்ளை வழியில் செத்ததைத் தாய்க்குச் சொல்லாமல் மறைப்பது அந்த நாள்களில் புதிதல்ல. மெல்ல மெல்லச் சொல்லலாம், ஊர் நிலைமை சரிவரட்டும் என்று எத்தனையோ வீடுகளில் நடந்ததுதான். யோகலிங்கம் பேனாவை எடுத்தான். பனியில் பெனடிக்றின் விரல்கள் விறைத்துப்போயின, பேனா பிடிக்க ஏலாது, அதனால் அவன் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன் என்று தொடங்கினான். யாழ்ப்பாணத்தில் தொலைபேசி இல்லாதது வசதியாக இருந்தது. செத்தவனுக்கு எவரும் பூசை வைக்கவில்லை. பாசையூரில் மட்டும், நடந்து வருபவனுக்கு ஏற்றும் திரி வாரந்தவறாமல் எரிந்தது.

“உனக்கு எத்தினை அம்மா தம்பி?” என்று, படக் கடிதம் வந்த அன்று மாலை சபாரத்தினம் சிரித்தார். “உன்ரை அம்மாவை விட அந்த டொலறஸ் அம்மாதான் நெடுகக் கடிதம் போடுறா.”

“அது பெனடிக்றுக்கு, அண்ணை. குட்மேய்ஸிலை இருக்கிறான். நான் கொண்டுபோய்க் குடுக்கிறனான்.”

“ஒருநாளைக்கு இஞ்சாலை கூட்டிக்கொண்டு வாவன். இரண்டு வருசமாய்ப் பேர் கேக்கிறம், ஆளைக் காணேல்லை.”

டிசம்பர் முதல் கிழமை அடுத்த கடிதம் வந்தது. அவன் அதை உடனே பிரிக்கவில்லை. கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய், பெற்றோல் நிலையத்தின் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்து பிரித்தான்.

“இரண்டாவது படமும் கிடைச்சுது. இது கல்லுக் கோயில். வெளிச்சுவர் முழுக்கப் படம் கீறியிருக்கு மகன். ஒரு நீட்டு ஏணி, அதிலை சனம் ஏறுது, பாதிப் பேர் கீழை விழுகினம். விழுகிற ஆக்களைக் கறுத்த கைகள் பிடிச்சு இழுக்குது. பாக்கப் பயமாயும் இருக்கு, வடிவாயும் இருக்கு. பின்னுக்குப் புல்லு மலை, ஆடு மேயுது. நீ ஏணிக்குப் பக்கத்திலை நிண்டு கையை உயத்திக் காட்டுறாய். ஆருக்குக் காட்டுறாய்? கால் இன்னும் சுகமில்லையோ? நொண்டி நிக்கிறமாதிரி இருக்கு. படத்துக்குப் பின்னாலை ஒண்டும் எழுதேல்லை. கலரும் இல்லை.”

ஒரு ஆள் கண்ணாடியைத் தட்டினான். யோகலிங்கம் அவனுக்குச் சில்லறையைத் தவறாகக் கொடுத்தான். அவன் திட்டிய வசையில் பாதி நிறத்தைப் பற்றியது. யோகலிங்கத்துக்கு அது உறைக்கவில்லை. கடையில் விற்பனைக்கு இருந்த ஐரோப்பிய வீதி வரைபடப் புத்தகத்தை எடுத்து விரித்தான். மரக்கோயில் இருந்திருக்கக்கூடிய மலையைத் தேடினான். அங்கிருந்து மேற்கே விரலை நகர்த்தினான். முதல் படம் ஆகஸ்டில் யாழ்ப்பாணத்துக்குப் போயிருக்கிறது. இது செப்டம்பர் கடைசியில். இரண்டுமே பழைய செய்தி. இன்று பெனடிக்ற் எங்கே நிற்கிறான் என்பது இன்னும் இரண்டு மாதத்துக்குப் பிறகுதான் தெரியும்.

நினைத்த பிறகுதான் தான் நினைத்தது என்ன என்று அவனுக்கு விளங்கியது. புத்தகத்தை மூடினான்.

யாரோ விளையாடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டான். கூட வந்தவர்களில் ஒருவன். ஆனால் அந்தப் பதினொரு பேரில் எவரிடமும் கமரா இருக்கவில்லை. மறைந்து நடப்பவன் கமரா கொண்டுபோவானா.

டிசம்பர் பதின்மூன்றாம் திகதி, செவ்வாய்க்கிழமை காலை, சமையலறை மேசையில் தனியாக இருந்து நத்தார்ப் பண்டிகைக் கடிதத்தை எழுதினான். எப்போதும்போல் பெனடிக்றின் பெயரில். ‘நான் எங்கும் போகவில்லை அம்மா, லண்டனில்தான் இருக்கிறேன், அந்தப் படங்களை நான் அனுப்பவில்லை’ என்று ஒரு வரி எழுதினான். பிறகு அதை அடித்தான். பிறகு தாளையே கிழித்துவிட்டு, சுகம், வேலை, குளிர் என்று மட்டும் எழுதினான். எழுதும்போது பிடரியில் ஒரு குளிர் வந்து படிந்தது, ஜன்னல் திறந்திருப்பதுபோல. திரும்பிப் பார்த்தான். ஜன்னல் பூட்டியிருந்தது.

அந்தக் கிழமையிலிருந்து வீடு சூடேறவில்லை. ரேடியேட்டரைத் தொட்டால் கை சுட்டது, ஓரடி தள்ளி நின்றால் மூச்சுப் புகையாக வந்தது. சபாரத்தினம் இரண்டு தரம் பொயிலர்க்காரனைக் கூட்டிவந்தார். அவன் எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுத் தன் ஜக்கெற்றின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு போனான்.

“ஆரோ மெழுகுதிரியை ஊதி அணைச்ச மணம் ஒண்டு வருது” என்றார் வசந்தமலர், சமைத்துக்கொண்டே. “நீங்களோ தம்பி?”

“இல்லை அக்கா.”

“மாடிப் படியிலை கம்பளமும் ஈரம். ஒண்டைவிட்டு ஒரு படிதான் ஈரம், அதுதான் எனக்கு விளங்கேல்லை. கூரை ஒழுகினால் அப்பிடியோ ஒழுகும்?”

சபாரத்தினம் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார்: “நொண்டிப் பேய் ஏறிப் போயிருக்கும்.” வசந்தமலர் அகப்பையால் அவர் தோளில் தட்டினார். இருவரும் சிரித்தார்கள். யோகலிங்கம் தட்டைக் கழுவாமல் எழுந்துபோனான்.

ஜனவரி தொடக்கத்தில் மூன்றாவது கடிதம். நவம்பரில் எழுதியது.

“இந்தமுறை கடல். சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளை மலை ஒண்டு கடலுக்கை இறங்கி நிக்குது. நீ கப்பல் தட்டிலை முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டு அதைப் பாக்கிறாய். பயணம் முடிஞ்சு வீட்டை போறாயாக்கும். நல்லது மகன். யோகனைத் தனிய விட்டிட்டு இவ்வளவு நாள் திரியக்கூடாது.”

அந்த வெள்ளை மலையை யோகலிங்கம் பார்த்திருக்கிறான். லொறித் தார்ப்பாயின் ஓட்டையால். டோவர்.

அன்று அவன் வேலைக்குப் போகவில்லை. போர்வையைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் இருந்தான். ஒருவருக்கும் சொல்லாத ஒன்று இருந்தது. தனக்குத்தானே முழுதாகச் சொல்லிப் பார்க்காத ஒன்று. அன்றிரவு சப்பாத்துகளைப் போட்டுக்கொண்டு கோயிலைவிட்டு இறங்கி நூறு யார் தூரம் போயிருப்பான். பின்னால் பெனடிக்ற் கூப்பிடத் தொடங்கினான். “யோகன்! யோகன்!” அந்தக் குளிரில் குரல் கண்ணாடிபோல் மலைக்கு மலை பட்டுத் திரும்பியது. கீழே எல்லைக் காவலரணில் ஒரு விளக்கு எரிந்தது. நாய் ஒன்று குரைத்தது. வழிகாட்டி கையைத் தன் கழுத்துக்குக் குறுக்கே இழுத்துக் காட்டினான். யோகலிங்கம் திரும்பி மேலே ஏறினான். கோயில் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு மரச்சட்டம் இருந்தது, மாடு புகாமல் போடுவதுபோல. கதவைச் சாத்தினான். சட்டத்தைத் தூக்கிக் கொக்கியில் போட்டான். குரல் அடங்கிவிடவில்லை, சின்னதாகிப் போனது. தூரத்தில் பேசும் ஆள்போல ஆனது. ஓநாய் வராமல் இருக்கத்தான் என்று சொல்லிக்கொண்டு இறங்கினான்.

அந்தப் பெப்ரவரியில் அந்தக் கோயிலுக்கு எவரும் வந்திருக்கமாட்டார்கள்.

பெனடிக்றின் நடையை நிறுத்த ஒரு வழிதான் இருந்தது. டொலறஸ் அம்மா திரி ஏற்றுவதை நிறுத்தவேண்டும். வழிக்காக ஏற்றும் திரியை நிறுத்தி, செத்தவனுக்கான பூசையை வைக்கவேண்டும். அதற்கு அவருக்கு உண்மை தெரியவேண்டும். தெரிந்தால் அவர் யோகலிங்கத்தைச் சபிப்பார், ஊர் முழுக்கச் சொல்லுவார், லண்டனில் ஒரு தமிழ்ப்பொடியனும் அவனுக்கு அறை தரமாட்டான். பரவாயில்லை. எழுதினான். சப்பாத்து, சட்டம், எல்லாம். முதன்முறையாகத் தன் சொந்தப் பெயரில் கையெழுத்து வைத்தான். சிவப்புத் தபால் பெட்டியின் வாய்க்குள் கடிதத்தைத் தள்ளியபோது விரல்கள் சிறிது நேரம் அந்த இரும்பில் ஒட்டிக்கொண்டன. இழுத்தெடுத்தான். தோல் உரிந்திருந்தது.

ஜனவரியில் ஊரில் சண்டை நிறுத்தம் வந்தது. தபால் வேகமாக வரத் தொடங்கியது. பெப்ரவரி கடைசியில் வந்த நாலாவது கடிதம் நாலே கிழமையில் வந்திருந்தது. அவனுடைய உண்மைக் கடிதம் போய்ச் சேருமுன் எழுதியது.

“மகன், நீ வீட்டை போய்ச் சேந்தது சந்தோசம். உங்கட குசினிப் படம் கிடைச்சுது. யோகன் தம்பி மேசையிலை முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து எழுதுறான். பக்கத்திலை தேத்தண்ணிக் கோப்பை, சுவரிலை கலண்டர், அதிலை 13 எண்டு கிடக்கு. படம் எடுக்கிற உன்ரை நிழல் அவன்ரை பிடரியிலை விழுந்திருக்கு. அவனுக்குத் தெரியாமல் எடுத்தனியாக்கும், கள்ளன்.

“இன்னொரு சந்தோசம். பாதை திறந்ததாலை கண் ஒப்பிரேசனுக்குக் கொழும்புக்குப் போறன். மார்ச் பதினாலு, செவ்வாய்க்கிழமை, பின்னேரம் நாலு மணிக்குக் கொட்டாஞ்சேனையிலை எங்கட ஆக்களின்ரை கடையிலை நிப்பன். நம்பர் கீழை எழுதியிருக்கிறன். மகன், உன்ரை குரலைக் கேக்கவேணும். நேர்த்தியை அண்டைக்கு முடிக்கவேணும்.”

யோகலிங்கம் மேசையிலிருந்து எழுந்தான். தான் எந்தக் கதிரையில் இருந்தான், படம் எங்கிருந்து எடுக்கப்பட்டிருக்கும் என்று பார்த்தான். மாடிப்படியின் அடியில் நின்றுதான். அங்கே கம்பளம் ஈரமாக இருந்தது.

அவனுக்கு ஒரே ஒரு கணக்குத்தான் மிச்சம். கடிதம் போய்ச் சேர்ந்திருந்தாலும் சேராவிட்டாலும், பதினாலாம் திகதி அவனே வாயால் சொல்லவேண்டும். ‘பெனடிக்ற் செத்துப்போனான், அம்மா.’ மூன்று சொல். கேட்ட உடனே அந்த அம்மா அலறுவார். அந்த அலறல் போதும். எந்தச் செத்தவனும் தாயின் அலறலைக் கேட்டபிறகு நடக்கமாட்டான்.

மார்ச் பதினாலு. ஐந்தரை மணிநேர வித்தியாசம். லண்டனில் காலை பத்தரை. சபாரத்தினமும் வசந்தமலரும் வேலைக்குப் போய்விட்டார்கள். மாடியிலிருக்கும் தங்கள் படுக்கையறையை வழக்கம்போல் பூட்டிக்கொண்டுதான் போனார்கள், அங்கே இதே இணைப்பில் இன்னொரு தொலைபேசி இருந்தபடியால். வாடகைக்கு இருப்பவர்கள் விடிய விடியக் கதைத்துவிடுவார்கள் என்று சபாரத்தினத்துக்கு ஒரு பயம்.

யோகலிங்கம் கீழே, கூடத்து மேசையருகே நின்றான். வெளியே வெயில் அடித்தது. அஞ்சல்காரன் விசிலடித்துக்கொண்டு போனான். எதிர் வீட்டுக்காரி ஜன்னல் துடைத்தாள். உள்ளே ஜன்னல் கண்ணாடியின் இந்தப் பக்கம் உறைபனி பூப்பூவாகப் படர்ந்து, வெயிலை மங்கலாக்கி வைத்திருந்தது. மெழுகு மணம். ஈரக் கம்பளி மணம். அதற்கு அடியில் வேறொன்று, இனிப்பாக.

பத்து இருபத்தெட்டு.

நம்பர் எழுதிய தாளை விரித்தான். சொல்லவேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தான்.

மேசையில் இருந்த தொலைபேசி ‘டிங்’ என்றது. ஒரே ஒரு தரம். மேலே யாராவது ரிசீவரைத் தூக்கும்போது கேட்கும் சத்தம்.

அவன் தன்னுடையதை எடுத்தான். டயல் ஒலி இல்லை. எண்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. மெதுவாக. விறைத்த விரலால் அமர்த்துவதுபோல. பிறகு கடலடி இரைச்சல். பிறகு தூரத்தில் மணி.

“ஹலோ?” ஓர் ஆண் குரல். கடைச் சந்தடி, பஸ் ஹோர்ன். “டொலறஸ் அக்கா! லண்டன்! ஓடி வாங்கோ!”

செருப்புச் சத்தம். மூச்சு.

“மகன்?”

யோகலிங்கம் வாயைத் திறந்தான்.

“அம்மா.”

அவன் சொல்லவில்லை. மாடியிலிருந்து கேட்டது. ரிசீவருக்குள்ளும் கேட்டது.

“என்ரை ராசா. நீதானோ? மெய்யா நீதானோ?” டொலறஸ் அம்மா அழுதார். “யோகன் ஒரு கடிதம் போட்டவன் மகன். போன கிழமை கிடைச்சது. நீ செத்துப்போனாய் எண்டு எழுதியிருக்கிறான். மலையிலை விட்டிட்டு வந்தனானெண்டு. கொழும்புக்கு வரும் வழி முழுக்க நான் உயிரோடை இல்லை.”

“அவனுக்குச் சுகமில்லை அம்மா.”

“என்ன சுகமில்லை?”

“குளிர். தலைக்கை ஏறியிட்டுது.”

டொலறஸ் அம்மா சோதித்துப் பார்த்தார். “சின்னனிலை பூசைக்கை நித்திரை தூங்கி விழுந்து பல்லை உடைச்சியே, அது எந்தக் கோயில்? சொல்லு பாப்பம்.”

“பல்லில்லை அம்மா. நாடி. எத்தினை தரம் சொல்லுறது.”

அவர் சிரித்தார். அழுகையும் சிரிப்புமாக. “ஓம், ஓம், நாடிதான். என்ரை பிள்ளைதான்.” மேலேயும் ஒரு சிரிப்பு. பலகைக்குப் பின்னாலிருந்து வருவதுபோல.

சொல்லு. இப்போது சொல்லு.

“அம்மா, நான் யோகன்!” என்று யோகலிங்கம் கத்தினான். “அது அவனில்லை! அவன் செத்திட்டான்! நான்தான் கதவைப் பூட்டினன்! அம்மா!”

கடைச் சந்தடி.

“மகன், என்ன இரையுது? உன்ரை குரல் கேக்குது, பின்னாலை ஒரு இரைச்சல்.”

“காத்து அம்மா.”

“லண்டனிலை இப்பிடிக் காத்தோ?”

“மலைக் காத்து.”

“அம்மா! பெனடிக்ற் செத்துப்போனான்! செத்துப்போனான்!”

“ஐயோ, எப்பிடி ஊளையிடுது பார்!” டொலறஸ் அம்மாவின் குரலில் மகிழ்ச்சி பொங்கியது. மூன்று வருடத்து மகிழ்ச்சி. “மகன், கொஞ்சம் பொறு, வைச்சிடாதை. இவையளும் கேக்கட்டும். இஞ்சை வாங்கோ எல்லாரும், குளிர்நாட்டுக் காத்தைக் கேளுங்கோ. என்ரை மகன் நிக்கிற இடத்துக் காத்து.”

ரிசீவர் கைமாறியது.

யோகலிங்கம் கத்தினான். குளிர் முழங்காலைத் தாண்டி ஏறியது. காலை எடுக்க முடியவில்லை. குனிந்து பார்க்கத் துணியவில்லை.

“ஓமப்பா!” கடைக்காரரின் குரல். “நல்லாக் கேக்குது.”

கைமாறியது. யோகலிங்கம் தன் பெயரைச் சொன்னான். தெருவின் பெயரை, வீட்டு இலக்கத்தை.

“அம்மாடி, ஆரோ அழுகிறமாதிரியெல்லோ இருக்கு” என்றாள் ஒரு பெண். சிரித்தாள். பக்கத்தில் நின்றவளுக்குக் கொடுத்தாள்.

காப்பாற்றுங்கோ என்றான். இடுப்பு. நெஞ்சு. குரல் சின்னதாகிப் போனது, அவனுக்கே கேட்டது.

“இடைக்கிடை நிண்டு நிண்டு வருது” என்றாள் மற்றவள்.

“எனக்குத் தாங்கோ, எனக்கும் தாங்கோ.” ஒரு கிழவரின் குரல். ரிசீவர் அவர் காதில் உரசும் சத்தம். அவருடைய மூச்சு. பொறுமையான, ஆவலான மூச்சு.

மேலே யாரோ கட்டிலில் ஏறிப் படுத்தார்கள். பலகை முனகியது.

யோகலிங்கத்தின் வாய் திறந்திருந்தது.

“ஒண்டும் இல்லையே பிள்ளை” என்றார் கிழவர். “நிண்டிட்டுது.”